உறவுமுறை என்ற கட்டத்தில் நான் எழுதியது

தம்பி,

நாளை மறுநாள் நீ விமானம் ஏறுகிறாய். மாமி வீட்டு விருந்துக்கு நீ கொட்டாஞ்சேனைக்குப் போயிருக்கும் இந்த மத்தியானத்தில், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். முகத்துக்கு நேரே சொல்லலாம்தான். ஆனால் நான் அந்தப் பேச்சை எடுத்ததுமே "அம்மா, பிளீஸ், இப்ப வேண்டாம்" என்று கையைத் தூக்கிவிடுகிறாய். மூன்று மாதமாக அந்த உள்ளங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கோபத்தில் இருக்கும்போது கடிதம் எழுதாதே, ஒரு நாள் ஆறப்போட்டு எழுது என்று உனக்குச் சொல்லித் தந்தவள் நான். இன்றைக்கு அந்தப் புத்திமதியை நானே கேட்கப் போவதில்லை. ஆறப்போட எனக்கு நாளும் இல்லை.

காலையில் உன் பெட்டியைத் திறந்தேன். உளவு பார்க்க அல்ல. மிளகாய்த்தூள் பொதியை உடுப்புகளுக்கு நடுவில் சொருக இடம் தேடினேன். உன் சான்றிதழ்களோடு, அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு நீ அனுப்பிய கட்டுரையின் பிரதியும் இருந்தது. பல இன மாணவர்கள் நடுவில் படித்ததால் நீ என்ன கற்றாய் என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல ஆங்கிலத்தில் பதில் எழுதியிருக்கிறாய். கம்பஸ் கன்டீனில் ஒரே சோற்றுப் பார்சலைச் சுற்றியிருந்து சிங்களவனும் முஸ்லிமும் தமிழனும் சாப்பிட்டதை எழுதியிருக்கிறாய். இரண்டாம் பக்கத்தில் சந்திரன் வருகிறான். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, உங்கள் வகுப்பில் கணிதத்தில் முதலாவதாக வருகிற சந்திரன். தங்க இடமில்லாமல் அவன் தவித்தபோது வீட்டுக்குக் கூட்டிவந்தாயாம். 'இன்று அவன் எங்கள் வீட்டில் என் சகோதரனாக வாழ்கிறான்' என்று முடித்திருக்கிறாய். வாசித்தவர்களின் மனம் உருகியிருக்கும். இடமும் தந்துவிட்டார்கள். நீ அதை அனுப்பியபோது சந்திரன் எங்கள் குசினிக்குப் பின்னால் இருக்கும் அறையில் இருந்தான். அவர்களுடைய பதில் வந்தபோது விளக்கமறியல் சிறையில் இருந்தான். அதையும் அவர்களுக்கு எழுதினாயா?

உன்னை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கு யோக்கியதை இல்லை என்பது எனக்குத் தெரியும். பிழை உன்னிடம் தொடங்கவில்லை. உனக்குப் பெயர் வைக்கும்போதே சிங்களப் பெயரென்றும் கொள்ளலாம், தமிழ்ப் பெயரென்றும் கொள்ளலாம் என்று பார்த்துத்தான் வைத்தேன். பஸ்ஸில் தமிழில் கதைக்காதே, "மம்மி" என்று கூப்பிட்டு இங்கிலீஷில் கதை என்று ஐந்து வயதிலேயே பழக்கினேன். ஒரு முறை மறந்துபோய் "அம்மா, இறங்குவமா" என்று நீ கத்தியபோது உன் தொடையில் கிள்ளினேன். அந்தத் தழும்பு உன்னிடம் இருக்காது, என்னிடம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் உன் வகுப்பு ஆசிரியை, உங்கள் மகன் மற்றத் தமிழர் மாதிரி இல்லை என்று சொன்னதை வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் மூன்று தரம் சொன்னேன். அப்பா அப்போது உயிரோடு இருந்தார். சாப்பாட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, "மற்றத் தமிழர் எப்பிடியாம்?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. நல்ல செய்தி சொன்னால்கூட முகத்தைச் சுளிக்கிற மனுஷன் என்று இரண்டு நாள் கதைக்கவில்லை. அவர் கேட்டதற்குப் பதில் சொல்ல எனக்குப் பதினைந்து வருடம் எடுத்திருக்கிறது. யாராவது உன்னை உன் சனத்திடமிருந்து பிரித்தெடுத்துப் புகழ்ந்தால் அதற்கு நன்றி சொல்லாதே, தம்பி. நான் நன்றி சொன்னேன். பின்னேரம் கேக் செய்து கொடுத்தனுப்பினேன்.

அப்படி வளர்ந்த நீ கம்பஸ் போனதும் அகப்பட்டுக்கொண்டாய். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பொடியன்கள் உன்னை 'கொழும்பு மம்மி' என்றார்கள். சிங்களப் பொடியன்கள், உன்னைப் பார்த்தால் தமிழனென்றே தெரியாது என்று முதுகில் தட்டினார்கள். இரண்டு மேசையிலும் உனக்குக் கதிரை இல்லை. மூன்றாவதாக ஒருவன் தனியே உட்கார்ந்து சாப்பிட்டான், அவன்தான் சந்திரன். எங்கள் தமிழ்ப் பொடியன்கள் அவனைத் 'தோட்டக்காட்டான்' என்று கூப்பிடுவதாக நீ வீட்டுக்கு வந்து கொதித்தாய். சரஸ்வதி பூசைக்கு மேடையில் கதைக்க மற்றவர்களுக்கு நேரம், அவனுக்குக் கதிரை அடுக்குகிற வேலை என்று சொன்னாய். அன்றைக்கு எனக்கு உன்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. அந்தச் சொல்லை அந்தப் பொடியன்கள் எங்கிருந்து பொறுக்கினார்கள் என்று மட்டும் நான் யோசிக்கவில்லை. என்னைப் போன்ற தாய்மாரின் வாயிலிருந்துதான். சின்ன வயதில் நீ தலை சீவாமல் வந்தால், தோட்டக்காட்டான் மாதிரி நிற்கிறாய் என்று நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்.

அவன் தெமட்டகொடையில் மாமன் வீட்டில் ஒரே அறைக்குள் ஏழு பேரோடு படுத்தெழும்பிப் படித்தான். நீ கேட்டதும் சரி, வரட்டும் என்றேன். எந்த அறை என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் கேட்காமலே தெரிந்திருந்தது. உன் அறையில் இன்னொரு கட்டில் தாராளமாகப் போடலாம். ஆனால் கொழும்பு வீடுகளில் குசினிக்குப் பின்னால் ஒரு சின்ன அறையும் அதற்கென்று தனிக் கக்கூசும் வேலைக்கு நிற்பவர்களுக்காகக் கட்டியிருக்குமே, அதைத்தான் கூட்டித் துடைத்துக் கொடுத்தேன். "ரொம்ப நல்லா இருக்குங்கம்மா, சத்தமே இல்ல" என்றான். நான் சந்தைக்குப் போய் வந்தால் ஓடிவந்து பையை வாங்குவான். சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைப்பான். வேண்டாமென்று நான் ஒரு நாளும் சொல்லவில்லை. நீ உன்னுடையதை மேசையில் விட்டுவிட்டு எழும்புவாய். சில நாள் அதையும் சேர்த்துக் கழுவினான். சகோதரன்!

படிவம் நிரப்புவது எனக்குக் கைவந்த கலை என்று உனக்குத் தெரியும். இருபத்தாறு வருடமாக அரசாங்கத் திணைக்களத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன். சம்பள உயர்வுக்காகச் சிங்களம் எழுதப் படித்து, சிங்களவர்களே என்னிடம் சந்தேகம் கேட்கும் அளவுக்குத் தேறினேன். எங்கள் ஒழுங்கைக்குப் பொலிஸ் பதிவுப் படிவம் வந்தால் முக்கால்வாசிப் பேர் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். வீட்டில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் பெயர், வயது, பிறந்த ஊர், வீட்டுக்காரருக்கு என்ன உறவுமுறை, கொழும்பில் தங்கியிருப்பதற்குக் காரணம். சட்டம் எல்லோருக்கும்தானாம், ஆனால் தேடி வந்து கேட்பது எங்களிடம். சொந்த நாட்டின் தலைநகரத்தில் ஏன் இருக்கிறாய் என்று கேட்கிற ஒரு தாளை, மணி மணியான எழுத்தில் நிரப்பிக் கொடுத்துவிட்டு, "உங்கட கையெழுத்து அச்சு மாதிரி" என்று பொலிஸ்காரன் சொன்னதற்குச் சிரித்தவள் நான்.

சந்திரனுக்கும் சேர்த்துப் படிவம் நிரப்பிய அந்த வாரம்தான் எங்களுக்கு மேல்மாடியில் இருந்த இரண்டு யாழ்ப்பாணத்து மாணவர்களைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். நான் கணக்குப் போட்டேன். வெளியூர், இளைஞன், தமிழன், மாணவன் என்று எழுதினால் ஆயிரம் கேள்வி வரும். தோட்டத்திலிருந்து வந்து வீட்டு வேலைக்கு நிற்பவன் என்றால் கண்ணை அடுத்த வரிக்குக் கொண்டு போய்விடுவார்கள். உறவுமுறை என்ற கட்டத்தில் 'வேலைக்காரன்' என்று எழுதினேன். "அம்மா, நீங்கள் பெரிய ஆள்தான்" என்று நீ சிரித்தாய். சந்திரன் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றான். அவனுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். வாசித்தான். "சரிங்கம்மா" என்றான். அவனைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதினேன் என்று இந்த மூன்று மாதமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மகனின் நண்பன் என்றும் எழுதியிருக்கலாம், வாடகைக்கு இருப்பவன் என்றும் எழுதியிருக்கலாம். பேனா ஒரு நிமிஷமும் நின்று யோசிக்கவில்லை. அந்த இடத்தில் ஒரு யாழ்ப்பாணத்து டொக்டரின் மகன் இருந்திருந்தால், என்ன ஆபத்து வந்தாலும் அந்தச் சொல்லை நான் எழுதியிருக்க மாட்டேன். இதுதான் மற்றப் பாதி.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். தெரிந்ததை நீ வேறு மாதிரி ஞாபகம் வைத்திருக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். காலை ஆறு மணி இருக்கும், தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒழுங்கையின் இரண்டு முனையையும் மறித்துவிட்டு வீடு வீடாக வந்தார்கள். வந்த அதிகாரி சத்தம்கூடப் போடவில்லை. நான் நிரப்பிய படிவத்தை வைத்துக்கொண்டு எங்கள் மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்தான். ஒருவன் சந்திரனின் பையைக் கொட்டினான். புத்தகங்களோடு கம்பஸ் அடையாள அட்டையும் விழுந்தது. அதிகாரி அட்டையையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினான். "நோனா, மெயா வெடகாரயாத, ஷிஷ்யயாத?" இவன் வேலைக்காரனா, மாணவனா? மாணவன் என்றால் பொலிசுக்குப் பொய் எழுதிக் கொடுத்தவள் நான். நான் உன்னைப் பார்த்தேன். நீ நிலத்தைப் பார்த்தாய். "வெடகாரயா, சேர்" என்றேன்.

அப்போது சந்திரன் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அவன் ஆச்சரியப்படவே இல்லை, தம்பி. எப்போதோ ஒரு நாள் இது வரும் என்று இருந்தவன் மாதிரி நின்றான். அட்டை களவாகச் செய்தது என்று எழுதிக்கொண்டு அவனைக் கொண்டு போனார்கள். அடுப்பில் தேத்தண்ணி காய்ந்து போயிருந்தது. நீ அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய்.

கம்பஸிலிருந்து, இவன் எங்கள் மாணவன்தான் என்று கடிதம் கொடுத்தார்கள். அது காரியத்தை இன்னும் கெடுத்தது. உண்மையான மாணவன் என்றால் வேலைக்காரனாகப் பதிந்துகொண்டு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் ஏன் ஒளிந்திருந்தான் என்று கேட்டார்கள். சட்டத்தரணி என்னிடம் தெளிவாகச் சொன்னார். "அம்மா, அவனுக்கு எதிரா அவங்களிட்ட இருக்கிறது உந்தப் படிவம் ஒண்டுதான். எழுதின நீங்கள் வந்து, நான்தான் பொய்யா எழுதினனான் எண்டு சொன்னா பொடியன் வெளியில வந்திடுவான். ஆனா உங்களிலயும் வழக்குப் போடுவாங்கள், அதையும் யோசியுங்கோ." நான் யோசிக்கத் தயாராகத்தான் இருந்தேன். என் வேலை போகலாம், ஓய்வூதியம் போகலாம், உள்ளேயும் போகலாம். நீதான் சொன்னாய்: "நான் போனாப்பிறகு சொல்லுங்கோவன் அம்மா. இப்ப சொன்னா எயார்போட்டில என்னை மறிப்பாங்கள். இன்னும் கொஞ்ச நாள்தானே." பயம் எனக்கு விளங்கும். பயப்படுவது குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. நானும் பயந்துதான் வழக்கின் இரண்டு தவணைக்கும் காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் கிடந்தேன். ஆனால் அந்தக் கொஞ்ச நாளை அங்கே எண்ணிக்கொண்டிருப்பவன் நீ அல்ல.

உன் வகுப்புத் தோழன் நிஷாந்த, மாத்தறைப் பக்கத்துச் சிங்களப் பொடியன், சோப்பும் இரண்டு சேர்ட்டும் வாங்கிக்கொண்டு சந்திரனை இரண்டு முறை போய்ப் பார்த்திருக்கிறான். கைதிக்கு நீ என்ன உறவு என்று அங்கே அவனிடமும் கேட்டார்களாம். நண்பன் என்று சொன்னதற்கு ஒரு மணி நேரம் இருத்தி வைத்துக் குடைந்தார்களாம். அதைச் சொல்ல இங்கே போன் எடுத்தான். வீட்டில் இல்லை என்று சொல்லச் சொல்லி நீ எனக்குச் சைகை காட்டினாய். நானும் சொன்னேன். அதற்காகச் சிங்களவரெல்லாம் நல்லவர், நாங்களெல்லாம் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஒரு படிக்கிற பிள்ளையைத் தமிழன் என்ற ஒரே காரணத்துக்காகக் கொண்டுபோய் அடைத்தவர்கள் மேல் எனக்கு இருக்கிற ஆத்திரம் சாகும்வரை தீராது. ஆனால் அவர்களுக்கு வேண்டியதை எழுதிக் கொடுத்த கை என்னுடையது. உங்கள் தமிழ் மாணவர் சங்கமும் மேல்மாடிப் பொடியன்களுக்காக ஊர்வலம் போனது, இவனுக்காக ஒரு துண்டுப் பிரசுரம் விடவில்லை. ஏன் என்று நீயாவது கேட்டாயா? நீ போகிற நாட்டிலும் படிவம் தருவார்கள், உன் இனம் என்ன என்று கட்டம் போட்டுக் கேட்பார்கள். அங்கே இருக்கிற தமிழர்களும் யார் எந்த ஊர், எந்தப் பகுதி என்று விசாரித்துவிட்டுத்தான் தேத்தண்ணி தருவார்கள். அப்போது உனக்குச் சுடும். சுடவேண்டும் என்றுதான் நான் விரும்புகிறேன்.

இதெல்லாம் இருந்தும், உண்மையைச் சொன்னால், நீ ஏறும்வரை பொறுத்துக்கொண்டுதான் இருந்திருப்பேன். போன வெள்ளிக்கிழமை சந்திரனின் தாய் வந்தார். நீ உன் அறையில் இருந்தாய். குரல் கேட்டதும் வானொலியைக் கூட்டி வைத்தாய். அவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொன்னேன். கதிரையைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று நின்றே கதைத்தார். கொழுந்து பறித்துக் கறை ஏறிய விரல்கள். மகனை எப்போது விடுவார்கள் என்று கேட்கப் போகிறார் என்று நினைத்து, அதற்கு ஒரு பூசி மெழுகிய பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"அம்மா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? பொலிசுல ஒரு பேப்பர வாசிச்சுக் காட்டுனாங்க. எம்புள்ள இங்க வீட்டு வேலக்கி இருந்தான்னு அதுல இருக்காம். எங்ககிட்ட கம்பஸ்ல படிக்கிறேன்னுதாங்க சொன்னான். லயம் பூரா சொல்லிட்டோம். வேல செஞ்சா கேவலம் இல்லீங்க, நானும் வேல செய்யிறவதானே. பொய் சொல்லிட்டானேன்னுதான் மனசு கெடந்து அடிச்சுக்குது. நீங்க படிச்சவங்க, ஒங்களுக்குத் தெரியும். எம்புள்ள நெசமா படிக்கலீங்களா?"

கம்பஸ் கொடுத்த கடிதத்தை அவருக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை போலிருக்கிறது. பொலிஸ்காரர் வாசித்துக் காட்டியது என் கையெழுத்தை. ஓம், படிக்கிறான், உங்கள் மகன்தான் வகுப்பில் முதலாவது என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். அப்ப அந்தப் பேப்பர்ல அப்பிடி யாரும்மா எழுதுனது? அந்தக் கேள்விக்குப் பயந்து, "எனக்கு வடிவாத் தெரியாது, நான் விசாரிச்சுச் சொல்லுறன்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "ஒங்களுக்கு அவன் ஏதும் கரைச்சல் குடுத்திருந்தா மன்னிச்சுக்கங்கம்மா" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார். என்னிடம், தம்பி. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே உன் வானொலி பாடிக்கொண்டிருந்தது. இந்த வெட்கத்தை வைத்துக்கொண்டு இன்னொரு நாள் என்னால் சோறு தின்ன முடியாது.

நாளைக் காலை ஒன்பது மணிக்குப் புதுக்கடை நீதிமன்றத்தில் தவணை. நான் போகிறேன். சட்டத்தரணியிடம் இன்று காலையே சொல்லிவிட்டேன். அவர் உன்னைப் பற்றியும் கேட்டார், அவனிடமே கேளுங்கள் என்றேன். இதனால் உன் பயணம் நின்றுபோகலாம். நிற்காமலும் போகலாம். நின்றால் நீ என்னை ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். உன்னைப் பெற்று, உன் அப்பா போன பிறகு தனியாக வளர்த்து, உன்னை எப்படியாவது இந்த யுத்தத்திலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும் என்று கோயில் கோயிலாக நேர்ந்தவள் நான். உன்னைப் பத்திரமாக வெளியே அனுப்ப இன்னொருத்தியின் பிள்ளையை உள்ளே வைத்திருக்க என்னால் முடியாது. இதற்கு மேல் இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

சந்திரனின் தாய் இன்னும் தெமட்டகொடையில் தன் தம்பி வீட்டில்தான் இருக்கிறார். அவரையும் வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறேன். நீதவானுக்குச் சொல்வதற்கு முன்னால், நீதிமன்ற வாசலில் வைத்து அவருக்குச் சொல்வேன். உங்கள் மகன் படிக்கிறவன், ஒரு நாளும் எங்கள் வீட்டில் வேலைக்கு நிற்கவில்லை, பொய்யை எழுதியவளும் சொன்னவளும் நான் என்று சொல்வேன். அந்தப் பொய்யை நான் சொன்னபோது என் மகன் பக்கத்தில் நின்றான் என்பதையும் சொல்வேன். அதை நான் சொல்லும்போது நீ எங்கே நிற்கப் போகிறாய் என்பதை இன்று படுக்கப் போவதற்கு முன் முடிவு செய்துகொள்.

அம்மா